காலருக்குள் சிவப்பு நூல்

பார்சல்காரி வாசலில் வந்து நின்றபோது தையல்காரரின் வாயில் நான்கு குண்டூசிகள் இருந்தன. சண்டைக்கு வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. எதிராளி பதில் சொல்ல வாயைத் திறந்தால் ஊசி தொண்டைக்குள் போய்விடும். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் ஆரம்பித்தாள் என்று எதிர்மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் சத்தியம் செய்வார்கள். காய்ந்த துணியைத்தான் அவர்கள் மறுபடி மறுபடி உலர்த்திக்கொண்டிருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

“ஏன் தையலண்ணே, உங்க பொண்ணுக்கு ஒண்ணு ஆகலைன்னா தெருவுல இருக்குற புள்ளைங்க யாருக்குமே ஆகாதா?”

அவள் கையில் ஒரு நீலநிறக் கவுன். தையல்காரரின் எட்டு வயது மகள் போட்டு, குட்டையாகிப் போய், பார்சல்காரியின் நாலு வயது மகளுக்கு வந்தது. அதன் காலரைத் திருப்பிக் காட்டினாள். உள்பக்கம் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைத் துண்டு. அதில் சிவப்பு நூலால், அச்சடித்த மாதிரி: பென்சிலின் ஆகாது.

நடந்தது இதுதான். பார்சல்காரி வீடு வீடாகப் பெட்டி கொடுக்கப் போயிருந்த நாளில் சின்னவளுக்குக் காதுவலி. அவள் புருஷன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறான். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்க்க டாக்டரம்மா காலரை விலக்கினால் இந்த எழுத்து. “பென்சிலின் ஒத்துக்காதா?” என்று கேட்டிருக்கிறாள். கேட்ட கேள்விக்கெல்லாம் தலையாட்டுவது அந்த மனிதனின் சுபாவம். கல்யாணமே அப்படித்தான் நடந்தது என்பார்கள். “துணியில போட்டிருந்தா சரியாத்தாங்க இருக்கும்” என்றிருக்கிறான். கொடுக்க வேண்டிய மருந்து போய் வேறு மருந்து வந்தது. குழந்தைக்கு வயிறு புரட்டி, இரண்டு நாள் வீடே நாறியது.

தையல்காரர் ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து மணிக்கட்டில் கட்டியிருந்த பஞ்சுத் தலையணையில் குத்தினார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று மாடி காதைத் தீட்டிக்கொண்டது.

“படிச்சாங்களா?”

“என்னது?”

“காலரைத் திருப்பிப் படிச்சாங்களாம்மா?” முகமெல்லாம் பல்லாக இருந்தது அவருக்கு. “ஆறு வருஷமா ஒருத்தரும் படிக்கல. இப்பத்தான் படிச்சிருக்காங்க!”

“நல்லாப் படிச்சாங்க, வேற வீட்டுப் புள்ளைக்கு! உங்களுக்கு மறை கழண்டே போச்சு” என்று கவுனை மெஷின்மேல் போட்டுவிட்டுப் போனாள்.

கழன்ற கதை தெருவுக்குத் தெரியும். மகளுக்கு அப்போது இரண்டு வயது. தையல்காரர் வீட்டுப் பெண்ணென்றால் பெயர் குண்டூசியாகத்தான் இருக்க வேண்டும் என்று தெரு முடிவுசெய்துவிட்டதால் அவள் அப்போதே குண்டூசி. காய்ச்சலுக்கு ரோஸ் கலரில் ஒரு பென்சிலின் சிரப் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் உடம்பெல்லாம் தடிப்பு. மனைவி பஸ் கண்டக்டர்; வண்டி எங்கேயோ பாதி வழியில். கழுத்தில் தொங்கிய டேப்பைக்கூடக் கழற்றாமல், ஒரு காலில் மட்டும் செருப்போடு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். டியூட்டி டாக்டர் மருந்தை மாற்றினார். பிள்ளையின் ஆஸ்பத்திரி நோட்டில் ‘பென்சிலின் அலர்ஜி’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

அந்தக் கேள்விக்குறியோடுதான் தையல்காரருக்கு ஆறு வருஷப் பகை. பிள்ளைக்குச் சளி பிடித்தாலும், முழங்கால் சிராய்ந்து சீழ் வைத்தாலும், நோட்டைத் திறக்கிறவர்கள் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள். “அலர்ஜின்னு யார் சொன்னது?” “நான் சொல்றேன்.” “நீங்க டாக்டரா?” “இல்ல. அப்பா.” அந்த முதல் வருஷமே ஒருமுறை நர்ஸ் மூடியில் சிரப்பை ஊற்றி வாயருகே கொண்டுபோய்விட்டாள். இவர் உள்ளங்கையால் மகளின் வாயைப் பொத்திக்கொண்டு, காவலாளி வரும்வரை கையை எடுக்கவில்லை. மறுநாளிலிருந்து லேபிள் தைக்க ஆரம்பித்தார். பள்ளிச் சட்டை, ஸ்வெட்டர், குளிக்கும் துண்டு, பொம்மையின் பாவாடை, எதுவும் தப்பவில்லை. “கழுத்துல அரிக்குதுப்பா” என்று குண்டூசி சிணுங்கினால், துணியை மாற்றுவார். எழுத்தை மாற்ற மாட்டார். அவர் தைத்த பேண்ட்டைப் போட்டால் நமக்கும் பென்சிலின் ஆகாது என்று தெரு சிரித்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

கவுன் கதை காதில் விழுந்து அந்த வாரமே டாக்டரம்மா சொல்லியனுப்பினாள், அந்தத் தையல்காரரை நான் பார்க்க வேண்டும் என்று. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பாராட்டு விழாவுக்குப் போவது மாதிரி போனார். டாக்டரம்மா சின்ன வயசு, பேனாவைக் கொண்டையில் செருகியிருந்தாள். நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தாள். அதற்கே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு அவள் சொன்னாள், சின்னப் பிள்ளைகளுக்குக் காய்ச்சலாலேயே அப்படித் தடிப்பு வரும், பழி மருந்துமேல் விழுந்துவிடும், நிறையப் பேருக்குச் சோதித்துப் பார்த்தால் அலர்ஜியே இருப்பதில்லை, இங்கேயே வைத்துக் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கலாம்.

தையல்காரர் எழுந்துவிட்டார். “இருக்குன்னு சொன்னேன், ஆறு வருஷமா யாரும் நம்பல. மொத மொதலா நம்புனீங்க. நம்புன வாயாலயே இல்லைங்கறீங்க. என்னைப் பாத்தா எப்படித் தெரியுது டாக்டரம்மா?”

அவர் பிடித்த முயலுக்கு மூன்று கால்தான். நான்காவது கால் இருந்தால் கத்தரித்து ஓரம் அடித்துவிடுவார். ஆனால் அந்த முயலை அன்று வீட்டில் வேறொருவர் பிடித்தார். கண்டக்டரம்மா பையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, நாளெல்லாம் நின்ற காலை நாற்காலியில் தூக்கிவைத்துக்கொண்டு சொன்னாள்:

“சோதிச்சிருவோங்க.”

“என் கண்ணால பாத்தேன். ஒதடு வீங்கியிருந்துச்சு.”

“அழுது அழுது வீங்குன மூஞ்சி அது.”

“நீ பஸ்ல இருந்த.”

அவள் காலைக் கீழே இறக்கினாள். “ஆமா, பஸ்லதான் இருந்தேன். அதைச் சொல்லிச் சொல்லித்தான் ஆறு வருஷமா என் வாயை அடைச்சிருக்கீங்க. அந்த மாத்து மருந்தைக் குடிச்சிட்டு ஒவ்வொரு வாட்டியும் வயித்தப் புடிச்சிக்கிட்டுச் சுருண்டு படுக்குறாளே, அப்ப பஸ்ல இல்ல நான். பக்கத்துல இருந்தேன்.”

மெஷின் ஓடவில்லை. உதடு வீங்கியிருந்ததா? இவ்வளவு வருஷம் சொல்லிச் சொல்லி அது அவருக்குள் இஸ்திரி போட்ட மடிப்பு மாதிரி விழுந்துவிட்டது. மடிப்பைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே டேப்பும், ஒற்றைச் செருப்பும், நெஞ்சோடு ஒட்டிய சூடும் இருந்தன. உதடு மட்டும் சரியாகத் தெரியவில்லை. அதை அவர் வெளியே சொல்வாரா? “அளவு நான்தான் எடுப்பேன்” என்றார்.

எடுத்தார். ஆஸ்பத்திரியில் முதலில் கால் ஸ்பூன், காத்திருந்து மிச்சம். குண்டூசி கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டினாள். கால்மணிக்கொரு முறை தையல்காரர் டேப்பைக் கழற்றி மகளின் உதட்டை ஓரத்திலிருந்து ஓரம் அளந்தார். மணிக்கட்டைச் சுற்றி அளந்தார். ஆர்டர் நோட்டில் குறித்தார். உதடு ஒண்ணேமுக்கால். மணிக்கட்டு அஞ்சு.

“அப்பா, ஒதட்டுக்குச் சட்டை தைக்கப்போறியா?”

நர்ஸுகள் திரும்பிக்கொண்டு சிரித்தார்கள். டாக்டரம்மாவும் முதல் அளவுக்குச் சிரித்தாள். நான்காவது அளவுக்கு வந்து, “இப்ப எவ்வளவு?” என்று கேட்டாள். ஏழாவதுக்கு அவளே நோட்டை எட்டிப் பார்த்தாள். ஒண்ணேமுக்கால். அஞ்சு. ஒரு நூலிழை மாறவில்லை. கண்டக்டரம்மா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கவில்லை, விரல்கள் பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தன.

“இன்னைக்கு ஒண்ணுமில்ல” என்றாள் டாக்டரம்மா. “சிலருக்குத் தாமதமாத் தடிக்கும். இன்னும் அஞ்சு நாள் வீட்டுல கொடுத்துப் பாருங்க. எது தெரிஞ்சாலும் உடனே போன் பண்ணுங்க. ஒண்ணும் வரலைன்னா அஞ்சாவது நாள் ‘ஆகும்’னு எழுதிடறேன்.”

“முழுசா எழுதணும். பக்கத்துல எந்தக் குறியும் கூடாது. அதுவரைக்கும் என் லேபிள்ல ஒரு தையல்கூடப் பிரிக்க மாட்டேன்.”

“சரி.”

“கையெழுத்தோட.”

“சரிங்க!”

நான்கு நாள் தெரு தூங்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் குண்டூசி பள்ளிக்கு இறங்கும்போது ஒவ்வொரு வீட்டுக்கும் வாசலில் ஏதோ வேலை வந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிள்ளையின் கன்னத்தைப் பார்த்தார்கள். பார்சல்காரி தினம் தன் வண்டியை அங்கேதான் துடைத்தாள்.

ஐந்தாம் நாள் காலை. கண்டக்டரம்மா மகளுக்குப் பின்னல் போட முடியைத் தூக்கிப் பிடித்தவள் அப்படியே நின்றாள்.

“என்னங்க.”

பின்கழுத்தில் சிவப்பாக இருந்தது.

தையல்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். விரல் நீளம். கையையும் வயிற்றையும் திருப்பிப் பார்த்தார்கள், வேறெங்கும் இல்லை. உதடு ஒண்ணேமுக்கால்.

“லேபிள் ஒரசுன தடம்” என்றாள் கண்டக்டரம்மா. அடித்துச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

பாத்தியா, நான் அப்பவே சொன்னேன். ஆறு வருஷமாக அவர் நாக்கில் தயாராக இருந்த வாக்கியம் நுனிக்கு வந்து நின்றது. மருந்து ஜெயித்தால் இவர் தோற்பார். மருந்து தோற்றால் பிள்ளை தோற்கும். குண்டூசி வாயில் வைத்த மாதிரி அந்த வாக்கியத்தை உதட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

கண்டக்டரம்மா போன் செய்தாள். இன்றைய மருந்தை நிறுத்தி, உடனே கூட்டி வரச் சொன்னாள் டாக்டரம்மா. தையல்காரர் போனைக் கையை நீட்டி வாங்கினார். “வர்றோம். அது என்னன்னு கண்டுபிடிச்சு எழுதுங்க. ஆகும்னாலும் சரி, ஆகாதுன்னாலும் சரி. அந்தக் கேள்விக்குறியை மட்டும் இன்னொரு நாள் என் புள்ளை சுமக்கக் கூடாது. நோட்டை எடுத்து மேஜைமேல வைங்க.”

“தையலண்ணே, என்ன ஆச்சு?” வாசலில் பார்சல்காரி. கையில் துடைக்கும் துணி, குரலில் மட்டும் அன்றைய சண்டை இல்லை.

“இன்னும் அளவு முடியலம்மா!”

பிறகு அவர் செய்ததை மாடியிலிருந்து பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். மகளை ஸ்டூலில் உட்காரவைத்தார். பிளேடை எடுத்து, அவள் போட்டிருந்த பள்ளிச் சட்டையின் காலரில் ஒவ்வொரு தையலாகப் பிரித்தார். லேபிள் மெஷின்மேல் விழுந்தது. பின்பு துணிமேல் கோடு போடுகிற நீலச் சாக்பீஸை எடுத்து, முனையைக் கூராக்கி, கழுத்தில் இருந்த சிவப்பின் விளிம்பைச் சுற்றி மெல்லக் கோடு இழுத்தார்.

“கூசுதுப்பா.”

“ஆடாத. கோட்டைத் தாண்டுதான்னு பாக்கணும்.”

குண்டூசி இரண்டு கையாலும் முடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தாள். அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் குனிந்தார்கள். நீலக் கோட்டுக்கு உள்ளே சிவப்பு. வெளியே, இதுவரைக்கும், வெறும் கழுத்து.