மகள் பெயரில் ஒரு பயணி

டிப்போவிலும் பஸ்ஸிலும் எனக்குப் பெயர் பருந்து. யாரும் நேரில் சொல்வதில்லை. நான் முன்படியில் ஏறியதும் பின்னாலிருந்து, "பருந்து ஏறிடுச்சுடா" என்று ஒரு முணுமுணுப்பு வரும், அவ்வளவுதான். அடையாள அட்டையில் டிக்கெட் பரிசோதகர் என்று போட்டிருக்கிறது. சொந்தத் தம்பியையே டிக்கெட் இல்லாமல் பிடித்து, அபராதம் போட்டு, கொட்டுகிற மழையில் நடுவழியில் இறக்கிவிட்டவள் நான். இன்றுவரை அவன் எனக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

அன்று ஒரு தாடிக்காரன் அடுத்தவன் பாஸை நீட்டிவிட்டுத் திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது.

"ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் பேசறேம்மா. உங்க பொண்ணு நீலச் சால்வையை நாற்காலியிலேயே விட்டுட்டுப் போயிட்டாங்க. அவங்க போனை எடுக்கலை. கார்டுல உங்க நம்பர் இருந்துச்சு. அடுத்த மாசம் மருந்து ஏத்த வரும்போது வாங்கிக்கச் சொல்லுங்க."

"மருந்தா? என்ன மருந்து?"

"அவங்களையே கேட்டுக்கோங்கம்மா" என்று போனை வைத்துவிட்டாள்.

தாடிக்காரன் இதுதான் சமயம் என்று இறங்கி ஓடினான். ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்குப் போனால் என் மகள் சிட்டு இரண்டாவது தடவையாகத் தட்டை நிரப்பிக்கொண்டிருந்தாள். ஊருக்கெல்லாம் வேறு பெயர், வீட்டில் சிட்டு. இருபத்துநாலு வயது, பிரிண்டிங் கடையில் தற்காலிக வேலை. கன்னம் பளபளவென்று இருந்தது. இவளுக்கா நோய்?

"உன் நீலச் சால்வை எங்கடி?"

"பிரிண்டிங் கடையில இருக்கும்மா. அங்க ஏசி ரொம்பக் குளிருது."

டக்கென்று வந்தது பதில். அங்கேயே எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது. பாஸ் சோதிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. பெயரைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. பெயரை எவன் வேண்டுமானாலும் மனப்பாடம் செய்துகொண்டு வருவான். "தினமும் ஏறுற ஸ்டாப்புக்கு எதிர்ல என்ன கடை?" என்று கேட்க வேண்டும். உண்மையான ஆள் யோசிப்பான், தலையைச் சொறிவான், "ஏதோ செருப்புக் கடைன்னு நினைக்கிறேன்" என்பான். பொய்யன் யோசிக்கவே மாட்டான். கேள்வி முடிவதற்குள் பதிலை நீட்டுவான்.

"கையில என்னடி மை? காட்டு" என்று இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மை இருந்தது. ஊசி குத்திய தடம் எங்கும் இல்லை.

"வீட்டுக்குள்ளயாவது அந்தக் கண்ணைக் கழட்டி வையேன்" என்றார் என் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக். காண்ட்ராக்ட் வேலை, கை போனாலும் கால் போனாலும் அவர் பாடு. எங்கள் மூவருக்கும் மருத்துவக் காப்பீடு என் வேலையோடு ஒட்டிக்கொண்டு வருவதுதான். பிள்ளைகளை இருபத்தைந்து முடியும்வரை பெற்றோர் கார்டிலேயே வைத்துக்கொள்ளலாம். அதற்குள் சொந்தக் காப்பீடு உள்ள வேலை கிடைத்துவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். கார்டில் ஒரு தில்லுமுல்லு பிடிபட்டால் கார்டும் போகும், என் வேலையும் போகும்.

இப்போது பழையதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கோடையில் பிரிண்டிங் கடை முதலாளி அவளை நிரந்தரம் ஆக்குகிறேன் என்றபோது, இவள் வேண்டாம் என்றுவிட்டாள். "நிரந்தரம்னா கட்டிப்போட்ட மாதிரிம்மா" என்று எனக்கே காதில் பூ சுற்றினாள். ஏதோ காதல், எங்கேயோ ஓடப் போகிறாள் என்று அப்போது நினைத்தேன். இல்லை. நிரந்தரம் என்றால் சொந்தக் காப்பீடு. சொந்தக் காப்பீடு வந்தால் என் கார்டிலிருந்து பெயர் போய்விடும். என் கார்டு அவளுக்கு எதற்கோ வேண்டியிருக்கிறது. எதற்கு? ஆஸ்பத்திரியில் யாரோடாவது கூட்டுச் சேர்ந்து, இல்லாத நோய்க்குப் பணம் பார்க்கிறாளா? பெற்ற மகளை இப்படி நினைத்தேனா என்று கேட்டால், ஆமாம், நினைத்தேன்.

நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் உஷாராகிவிடுவாள். கையும் களவுமாகப் பிடித்துத்தான் எனக்குப் பழக்கம். அந்த மாதம் முழுக்கக் கண்கொத்திப் பாம்பாக இருந்தேன். அவள் சிரித்தால் ஏன் சிரிக்கிறாள், போனைத் திருப்பி வைத்தால் ஏன் திருப்பி வைக்கிறாள்.

ஒரு நாள் அவள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் கிளம்பினாள். நான் யூனிஃபார்ம் இல்லாமல் அடுத்த பஸ்ஸில் ஏறினேன். ஆஸ்பத்திரி வாசலில், ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், அவள் யாருக்காகவோ காத்திருந்தாள். மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு ஒல்லிப் பெண் மெதுவாக நடந்து வந்தாள். சிட்டு பையிலிருந்து கார்டை எடுத்து அவளிடம் கொடுத்தாள், தோளைத் தட்டினாள், ஓடிப்போய் வேலைக்குப் பஸ் பிடித்தாள்.

அடிப்பாவி. அடுத்தவள் பாஸ்!

பஸ் பாஸிலாவது படம் ஒட்டியிருக்கும். இந்தக் கார்டில் அதுகூடக் கிடையாது.

உள்ளே போனேன். யாரும் தடுக்கவில்லை. செக்கர் நடை என்று ஒன்று உண்டு, அதை யாரும் தடுப்பதில்லை. நீளமான அறையில் சாய்வு நாற்காலிகள். கடைசி நாற்காலியில் அந்தப் பெண், என் மகளின் நீலச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, கையில் மருந்து இறங்கிக்கொண்டிருக்க, கண்ணை மூடியிருந்தாள். பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"பொறந்த தேதி சொல்லும்மா."

ஆஸ்பத்திரி ஆள் என்று நினைத்திருப்பாள். சொன்னாள். என் மகள் பிறந்த தேதி. டக்.

"வீட்டுக்கு எதிர்ல என்ன இருக்கு?"

"லாண்டரி. பக்கத்துல சைக்கிள் கடை." டக்.

"அம்மா என்ன வேலை?"

"பஸ்ல செக்கர்." டக்.

"எப்படிப்பட்டவங்க?"

முதல் தடவையாக அவள் யோசித்தாள். கூரையைப் பார்த்தாள். "கோவக்காரங்க... யாரையும் விடமாட்டாங்க. ஆனா, முதல்ல கத்திட்டு அப்புறம் உட்கார்ந்து யோசிப்பாங்கன்னு சிட்டு சொல்லு..." நிறுத்தினாள். என் கறுப்பு டியூட்டி ஷூவைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "அம்மா... நீங்களா?"

"நான்தான். கத்தறதுக்குத்தான் வந்திருக்கேன்."

மெல்லிய குரலில் சொன்னாள். சிட்டுவுக்குக் கல்லூரியில் ஒரு வருஷம் மூத்தவள். உடம்பு தன்னைத்தானே கடித்துத் தின்னும் நோய்; மூட்டுகளில் ஆரம்பித்தது. அப்பா கார்டில் வைத்தியம் நன்றாகத்தான் நடந்தது. "போன வருஷம் இருபத்தஞ்சு முடிஞ்சுதும்மா. பேரை எடுத்துட்டாங்க. வேலை இருந்தாத்தான் சொந்தக் கார்டு. இந்தக் கையை வச்சுக்கிட்டு யாரு வேலை தருவாங்க?"

"மருந்தை நிறுத்தினா?"

"அடுத்தது கிட்னியைப் பிடிக்கும்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"அதுக்கு? உன் வியாதி எல்லாம் அவ பேர்ல ஏறுதே! நாளைக்கு எவன் அவளுக்குக் காப்பீடு குடுப்பான்? பிடிபட்டா என் சோத்துல மண்ணு! ஏண்டி, ரெண்டு பேருக்கும் மூளை இருக்கா?" அடங்கிய குரலில்தான் கத்தினேன். ஆனாலும் கத்தினேன். கோபத்தில் கண் எரிந்தது. நிரந்தர வேலையை வேண்டாம் என்றது இதற்குத்தானா? என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாளா? சொன்னால் விடமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். அது இன்னும் எரிந்தது.

"வேண்டாம்னு சொன்னேம்மா. அவ கேக்கலை. இந்த ஊசியை இப்பவே எடுத்துடறேன், யாருக்கும் தெரியாம போயிடறேன்." ஊசிக்கு மேல் ஒட்டிய பிளாஸ்திரியைப் பிய்க்கப் பார்த்தாள். விரல்கள் வீங்கியிருந்தன, மடங்கவில்லை. பிளாஸ்திரியின் ஓரத்தைப் பிடிக்க முடியாமல் நகம் வழுக்கி வழுக்கிப் போயிற்று.

"என்ன பண்றீங்க? கையை எடுங்க!" நர்ஸ் வேகமாக வந்தாள். போனில் கேட்ட அதே குரல். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க யாரு?"

"சால்வைக்காகப் போன் பண்ணினீங்களே."

"ஓ, அந்த அம்மாவா?" அவள் புருவம் சுருங்கியது. "என்ன மருந்துன்னு என்கிட்டயே கேட்டீங்க. பெத்தவங்களுக்கு அதுகூடவா தெரியாதுன்னு அன்னைக்கே நினைச்சேன்." என் முகத்தைப் பார்த்தாள், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள், நாற்காலியில் கிடந்த கார்டைப் பார்த்தாள். எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை அது. நானும் அப்படித்தான் பார்ப்பேன்.

"இவங்க உங்க பொண்ணுதானா?"

அந்த விரல்கள் பிளாஸ்திரியின் மேல் அப்படியே நின்றுவிட்டன.

"என் பொண்ணுதான்" என்றேன்.

யோசிக்கவே இல்லை. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. அந்த நர்ஸ் மட்டும் எங்கள் டிப்போவில் வேலை பார்த்திருந்தால், அந்த இடத்திலேயே என்னைப் பிடித்திருப்பாள்.