டோக்கன் 1147 அடித்த கோல்

1

இந்தியாவின் தேசியக் கால்பந்து லீக்கின் வரலாற்றை ஒரு விளையாட்டு மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். சரி என்றேன். பெரிய வேலை இல்லை என்று நினைப்பு. அந்த லீக் தொடங்கியதே 1996-ல்தான். அதற்கு முன்னால் நகரத்துக்கு நகரம் லீக் உண்டு, மாநிலங்களுக்கிடையே கோப்பை உண்டு, நாட்டுக்கே பொதுவாக ஒரு லீக் கிடையாது. இரண்டு நாளில் முடிந்திருக்க வேண்டிய கட்டுரை. வடலூரில் பஸ் ஏறினேன், கெட்டது.

பக்கத்து இருக்கைக்காரர் என் மடியில் இருந்த குறிப்புகளைக் கூச்சமே இல்லாமல் எட்டிப் படித்தார். “தொண்ணூத்தாறா? தப்பா எழுதிகினு இருக்கீங்க. நெய்வேலியில அறுவத்துமூணுலயே நேஷனல் லீக் நடந்துச்சே!” என்றார்.

குறிஞ்சிப்பாடி வருவதற்குள் அரைக் கதை சொன்னார். அங்கே இறங்கிப் போய்விட்டார். மலருக்கான கட்டுரை அப்படியே கிடக்கிறது. மீதி அரைக் கதை என்னவாக இருக்கும் என்ற குடைச்சல்தான் இதை எழுத வைக்கிறது. ஆகவே இதில் பாதி அவர் சொன்னது, பாதி என் கைச்சரக்கு. எது எது என்று கடைசியில் ஓரளவு சொல்லிவிடுகிறேன்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

“பூமிக்குள் கரி கிடந்த ஊரில் கால்பந்தும் புதையுண்டு—” (மேடைப் பேச்சு. அடித்தாயிற்று.)

“1964-ஆம் வருடம் மார்ச் மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணியளவில்—” (போலீஸ் ரிப்போர்ட். இதையும் அடித்தாயிற்று.)

“செபாஸ்டின் யாருடைய முகத்தையும் சரியாகப் பார்த்ததில்லை.”

இது பரவாயில்லை. வைத்துக்கொள்வோம்.

செபாஸ்டின் கடலூர்க்காரர், முப்பத்துநான்கு வயது, நெய்வேலிச் சுரங்கத்தில் டைம் ஆபீஸ் கிளார்க். ஷிப்டுக்கு வருகிறவர்கள் ஜன்னல் வழியே பித்தளை டோக்கனை நீட்டுவார்கள். அவர் எண்ணைப் பார்த்து ரிஜிஸ்டரில் குறிப்பார். ஜன்னல் ரொம்பத் தாழ்வு. டோக்கன் பிடித்த கை தெரியும், முகம் தெரியாது. நாலு வருஷத்தில் ஆயிரத்துச் சொச்சம் எண்கள் அவருக்கு மனப்பாடம். கோயில் வாசலில் யாராவது வணக்கம் வைத்தால், “எந்த நம்பர்?” என்று கேட்டுவிடுவார். மனைவி செசிலியா விலாவில் இடிப்பாள்.

3

லீக்கைத் தொடங்கியவர் அவர்தான். இங்கிலாந்தில் 1888-ல் பன்னிரண்டே கிளப்பை வைத்து லீக் ஆரம்பித்தார்கள் என்று எங்கோ படித்தார். படித்ததிலிருந்து மனுஷனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இந்த டவுன்ஷிப்பில் எல்லா மாநிலத்துக்காரனும் ஒரே ரேஷன் வரிசையில் நிற்கிறான், நாம் ஏன் நடத்தக்கூடாது என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லாததால் லீக் பிறந்தது.

முதல் டிவிஷனில் ஆறு அணிகள்: மெட்ராஸ், கேரளா, ஆந்திரா, மைசூர், வங்காளம், பஞ்சாப்.* கடைசி இடம் பிடிக்கும் மாநிலம் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். 1963-ல் வங்காளம் இறங்கியது. அந்த இடத்துக்குக் கேன்டீன் அணி ஏறி வந்தது.

(* பஞ்சாப் அணியில் பஞ்சாபிகள் இரண்டே பேர். மீதி ஒன்பது பேரும் திருநெல்வேலி.)

விதிகளையும் அவரே எழுதினார். சட்டை முதுகில் ஒன்று, இரண்டு என்று போடாமல் டோக்கன் எண்ணையே பெயின்டால் எழுத வேண்டும். பெர்மனென்ட் ஆட்கள் மட்டும் ஆடலாம். இரண்டாவது விதியில் அவருக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. கான்ட்ராக்ட் ஆட்களுக்கு டோக்கன் கிடையாது, மேஸ்திரி ‘ஆள் இருபத்திரண்டு’ என்று தலையை எண்ணி உள்ளே விடுவார். எண் இல்லாத ஒருவரை நோட்டில் எப்படிக் குறிப்பது என்று செபாஸ்டினுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் இந்தக் கதையின் கோளாறு முழுக்க அங்கேதான் இருக்கிறது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

4

கடைசி ஆட்டம். மெட்ராஸும் மைசூரும். மைசூர் அணி முழுக்கக் கோலார் தங்கவயல் ஆட்கள், பழம் தின்று கொட்டை போட்டவர்கள். ஜெயிக்காவிட்டால் மெட்ராஸ் கீழே இறங்கும். மெட்ராஸ் மாநிலத்துக்குள்ளேயே மெட்ராஸை இறக்கி விட்டால் வெளியில் தலை காட்ட முடியாது.

செம்மண் மைதானத்தின் ஓரத்தில் மேஜை போட்டு செபாஸ்டின் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். அறுபத்தெட்டாவது நிமிடம் வரை யாருக்கும் கோல் இல்லை. அப்போது மெட்ராஸ் அணியின் ஒருவர் இடது ஓரத்தில் பந்தை வாங்கி, இரண்டு பேரைத் தாண்டி, மூன்றாமவர் விழுந்து கிடக்க, கோல்கீப்பரின் கைக்கு எட்டாமல்—

(இந்தக் கோலை நாலு பக்கம் எழுதினேன். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் சொன்னது ஒரே வார்த்தை: “அடிச்சான்.” நாலு பக்கத்தையும் கிழித்துவிட்டேன்.)

அடித்தார். செபாஸ்டின் முதுகைப் பார்த்தார். 1147. அது தங்கராசுவின் டோக்கன். ‘68-ஆவது நிமிடம், தங்கராசு’ என்று பென்சிலால் குறித்தார். ஊரே மைதானத்துக்குள் இறங்கி ஆடியது.

5

மறுநாள் காலை டைம் ஆபீஸில் முந்தைய நாள் ரிஜிஸ்டரைச் சரிபார்த்தபோது அவர் பேனா நின்றது. டோக்கன் 1147, இரண்டாம் ஷிப்டு: மதியம் இரண்டுக்கு உள்ளே, இரவு பத்துக்கு வெளியே.

நாலரை மணிக்குத் தங்கராசு சுரங்கத்துக்குள் பம்ப் பக்கத்தில் இருந்திருக்கிறார். நாலரை மணிக்கே மைதானத்திலும் இருந்திருக்கிறார். மதியம் உள்ளே விட்டுக் குறித்ததும், கோலைக் குறித்ததும் செபாஸ்டினின் கையெழுத்து. இரண்டில் ஒன்று பொய். தன் கையெழுத்துப் பொய் சொல்லும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, அந்த முதுகுக்கு முன்பக்கம் யார் என்ற ஆவல் பிடுங்கித் தின்றது.

தங்கராசுவைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் மறைக்கவில்லை.

“பம்ப்பு ரிப்பேருன்னு திடீர்னு ஷிப்டு மாத்திட்டாங்க சார். மெட்ராஸ் இறங்கிப்பூடும்னு பயம். மருதமுத்துன்னு ஒரு கான்ட்ராக்ட்டு ஆளு, கால்ல பந்து ஒட்டிகினே வரும். எஞ் சட்டையப் போட்டுகினு ஆடுடான்னு குடுத்தேன். வெளிய சொல்லிடாதீங்க. பெர்மனென்ட் லிஸ்டுல அவம் பேரு வந்திருக்கு. வர்ற திங்கக்கெழம மெடிக்கல். அடுத்தவன் நம்பர்ல ஆடுனான்னு தெரிஞ்சா லிஸ்டுலேர்ந்து அடிச்சிடுவாங்க.”

செபாஸ்டின் எழுதிக்கொண்டிருந்த ‘நேஷனல் லீக் வரலாறு’ சனிக்கிழமை டைப்புக்குப் போக வேண்டும். ஒரு பிரதி நூலகத்துக்கு, ஒரு பிரதி ஆபீசுக்கு. பென்சிலில் இருக்கும் கோலை மையில் எழுத அவருக்கு ஐந்து நாள் இருந்தது.

6

மருதமுத்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். பின்னாலேயே அவர் மனைவி சாமியம்மாள். செபாஸ்டின் முதன்முறையாக அந்த முகத்தைப் பார்த்தார். ஒடுங்கின கன்னம், இருபத்தைந்து வயது இருக்கும், இடது புருவத்தில் ஒரு வெட்டு.

“பயப்படாதப்பா,” என்றார் முந்திக்கொண்டு. “தங்கராசுன்னே எழுதிடறேன். உன் வேலைக்கு ஒண்ணும் வராது.”

“அதுக்குத்தாங்க வந்தேன். அப்பிடி எழுதாதீங்க சார்.”

“என்னது?”

“எம் பேர எழுதுங்க. நான் அடிச்சது.”

சாமியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

“கேட்டீங்களாய்யா? வழியெல்லாம் சொல்லிகினே வந்தேன். பேரு சோறு போடுமா? திங்கக்கெழம போயி நின்னா மாசாமாசம் சம்பளம், குந்த ஒரு வூடு. இந்த ஆளு ஒரு பந்தப் புடிச்சிகினு தொங்குது.”

“சும்மா இரு சாமி. சார், எங்க தெரு இருந்த எடத்துலதான் இப்ப குழி. நெலம் வச்சிருந்தவங்க பேரெல்லாம் காயிதத்துல ஏறுச்சி. எங்களுக்கு நெலம் ஏது? மேஸ்திரியும் ஆளு இருவத்திரண்டுன்னுதான் எழுதறாரு. அன்னிக்கு அத்தினி பேரும் கத்துனாங்க. முதுகு நம்பரப் பாத்து தங்கராசு, தங்கராசுன்னு கத்துனாங்க. நான் நின்னுகினு கேட்டுகினு இருந்தேன்.”

“லிஸ்டுலயும் உன் பேர்தானே வந்திருக்கு? அது காகிதம் இல்லையா?”

“அது அவங்களா குடுக்கறது சார். இது நானா அடிச்சது.”

“வேலையில சேர்ந்து வருஷம் ஆகட்டும். அப்புறம் திருத்தி எழுதறேன்.”

“அப்புறம்னு சொன்னவங்கள நெறய பாத்துட்டேங்க.” குரலில் கோபம் இல்லை. செபாஸ்டினுக்கு அதுதான் உறுத்தியது.

சாமியம்மாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “ஐயா, நீங்க எழுதறது எங்க வூட்டு அடுப்ப. யோசிச்சி எழுதுங்க.”

7

இந்த இடத்தில் ஒரு வாரம் நின்றுவிட்டேன். எழுதியவரை ஒரு நண்பருக்குப் படித்துக் காட்டினேன். “கான்ட்ராக்ட் கூலி எவனாவது வேலையை விட்டுப் பேரைக் கேட்பானா? கதாசிரியர் ஆசை இது,” என்றார். இருக்கலாம். எனக்கும் மருதமுத்துவை முழுசாக நம்ப முடியவில்லை. ஆனால் பேர் எழுதப்படாமல் நான் ஒருநாளும் இருந்ததில்லை. என் நம்பிக்கை இதில் எந்த மூலைக்கு?

முடிவுகளைச் சொல்கிறேன்.

செபாஸ்டின் தங்கராசு என்று எழுதுகிறார். மருதமுத்து பெர்மனென்ட் ஆகிறார், டோக்கன் கிடைக்கிறது, குவார்ட்டர்ஸ் கிடைக்கிறது. மெட்ராஸ் அணி வந்து கூப்பிடுகிறது. அவர் போகவே இல்லை. (நம்பும்படி இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை.)

மருதமுத்து என்று எழுதுகிறார். வேலை போகிறது, கோல் செல்லாமல் போகிறது, மெட்ராஸும் இறங்குகிறது. சாமியம்மாள் செபாஸ்டின் வீட்டு வாசலில் வந்து மண்ணை வாரி— (இல்லை. அவள் அப்படிச் செய்ய மாட்டாள். பேசாமல் மறுபடி சித்தாள் வேலைக்குப் போவாள். அதை எழுத எனக்குத் தைரியம் இல்லை.)

பேரே போடாமல் 1147 என்று மட்டும் எழுதுகிறார். இது தோன்றியதும் துள்ளிக் குதித்தேன். அரை மணி நேரம்தான். அந்த எண்ணும் தங்கராசுவுடையதுதானே! கெட்டிக்காரத்தனத்தால் மருதமுத்துவுக்கு ஒரு காசு பிரயோஜனம் இல்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவு: சனிக்கிழமை காலை செபாஸ்டின் பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்தார், பேனாவில் மை நிரப்பினார். செசிலியா காபி வைத்துவிட்டு, “எந்த நம்பர்?” என்று கேலியாகக் கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. “இடது புருவத்துல ஒரு வெட்டு,” என்றார்.

8

முடிவை நான் எழுதப் போவதில்லை. எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பஸ்ஸில் வந்தவருக்கு டைம் ஆபீஸ் கிளார்க்கின் பேர் நினைவிருந்தது. சட்டை கொடுத்தவர் பேர் நினைவிருந்தது. டோக்கன் எண்கூட நினைவிருந்தது. குறிஞ்சிப்பாடியில் அவர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தபோது, “கோல் அடிச்சவர் பேர் என்னங்க?” என்று கேட்டேன். படிக்கட்டில் நின்று கொஞ்ச நேரம் யோசித்தார். கண்டக்டர் விசில் ஊதிவிட்டார்.

“அவன் கான்ட்ராக்ட்டு ஆளுங்க. பேரு வரல,” என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

மருதமுத்து என்பது நான் வைத்த பேர். கதைக்கு ஒரு பேர் வேண்டியிருந்தது, கையில் கிடைத்ததைப் போட்டேன். அவர் சாமியம்மாளோடு வெள்ளிக்கிழமை நடந்து வந்து எதை வேண்டாம் என்று கேட்டாரோ, அதையேதான் நானும் செய்திருக்கிறேன்.

நீங்கள் அந்தப் பக்கத்து ஆளாக இருந்து, கோல் அடித்தவர் பேர் உங்களுக்குத் தெரிந்திருந்தால், மருதமுத்து என்று வரும் இடத்தையெல்லாம் அடித்துவிட்டு அந்தப் பேரை எழுதிவிடுங்கள். மையில் எழுதுங்கள். அதுவரை இந்தக் கதையிலும் அவர் இன்னொருவர் பேரில்தான் ஆடிக்கொண்டிருக்கிறார்.