புருவத்துக்கு ஐந்து மதிப்பெண்

தையல்காரம்மாவுக்குப் புருவம் என்று ஒன்று இருந்தது. நமக்கெல்லாம் இல்லையா என்று சண்டைக்கு வராதீர்கள். நமக்கு இருப்பது சும்மா அழகுக்கு. அவருடைய இடது புருவம் கொஞ்சம் மேலே ஏறினால் போதும், அளவைத் தப்பாகச் சொல்லிவிட்டுத் தகராறு பண்ண வந்த வாடிக்கையாளர்கூட வாயை மூடிக்கொண்டு போய்விடுவார். அவர் வீட்டுக்காரர் சலூன் வைத்திருந்தார். தெருவே அவரிடம் தலையைக் குனியும். அவரோ இருபத்தாறு வருஷமாக அந்தப் புருவத்துக்கு முன்னால் தலை குனிந்துகொண்டிருந்தார்.

இப்படிப்பட்டவரை ஊட்டச்சத்துப் படிப்பில் சேர வைத்தது வீட்டுக்காரரின் சர்க்கரைதான். மாத்திரைக்கு மசியவில்லை, நடைக்கு மசியவில்லை. "அடுத்த டெஸ்ட்லயும் இறங்கலைன்னா ஊசிதாம்மா" என்று டாக்டர் குண்டைத் தூக்கிப் போட்டார். சலூன்காரருக்கோ ஊசி என்றாலே ஆகாது. கத்தியோடு பிழைக்கிறவருக்கு ஊசியில் அப்படி ஒரு பயம்.

"நான்தான் சமைக்கிறேன், நான்தான் பரிமாறுறேன். அப்ப தப்பு என் கையிலதான இருக்கணும்?" என்று தையல்காரம்மா அன்று முழுக்கப் புலம்பினார். சலூன்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். புருவத்தைப் பார்த்தார். மென்று முழுங்கிவிட்டார்.

மறுவாரமே அறிமுக வகுப்பில் பெயர் கொடுத்தாயிற்று. வாரம் இரண்டு மாலை ஆன்லைனில் பாடம். நூல்கண்டு டப்பாவில் போனைச் சாய்த்துவைத்து, காதில் மாவுச்சத்தும் கையில் பொத்தான் காஜாவுமாக அவர் படித்தார். ஒருநாள் நார்ச்சத்துப் பாடம் கேட்ட சுவாரசியத்தில் இரண்டு சட்டைக் கையையும் ஒரே பக்கம் வைத்துத் தைத்துவிட்டு, சட்டைக்காரர்மேலேயே எரிந்து விழுந்தார். மாதம் இரண்டு முறை மருந்துக்கடை மாடியில் நேரடி வகுப்பு. அங்கே மேஜைமேல் பிளாஸ்டிக் முட்டை, ரப்பர் சோறு, துணியில் செய்த மீன். "இந்த மீனுக்குத் தையல் சரியில்ல மிஸ்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

வீட்டுக்குத் தராசு வந்தது. சோறு கிராமில் வந்தது. சர்க்கரை டப்பா போன இடம் தெரியவில்லை. டீ குடித்தால் இரண்டரை ஸ்பூன் போட்டுக் கலக்கி, ரசித்து ரசித்துக் குடிக்கிற மனுஷி, வீட்டுக்காரருக்கு இல்லாத சர்க்கரை தனக்கு எதற்கு என்று அன்றோடு விட்டுவிட்டார். முதல் வாரம் டீயைப் பார்த்தாலே முகம் கோணியது. ஆனாலும் குடித்தார்.

கடைசிப் பாடம்தான் உயிரை வாங்கியது. ஒருவர் நேற்று முழுக்க என்ன சாப்பிட்டார் என்று கேட்டு எழுத வேண்டும்.

"டீ குடிச்சீங்களான்னு நீங்களா எடுத்துக் கொடுக்கக்கூடாது. அப்புறம், அப்புறம்னு மட்டும் கேளுங்க. கடைசியா, வேற ஏதாவதுன்னு கேட்டுட்டுப் பேசாம இருங்க" என்றாள் போன் திரையில் டீச்சர். "முக்கியமா, அவங்க எதைச் சொன்னாலும் உங்க முகத்துல ஒண்ணும் தெரியக்கூடாது. தெரிஞ்சா உண்மை வராது. அதுக்கே அஞ்சு மார்க். அக்கா, உங்களத்தான் சொல்றேன். இப்பவே ஏறுது பாருங்க."

பரீட்சையில் உட்கார்ந்து பதில் சொல்ல வருவதாகச் சொல்லியிருந்த பக்கத்து வீட்டம்மா அன்று காலை காய்ச்சலில் படுத்துவிட்டார். கடைக்கு விடுமுறை என்பதால் ஸ்கூட்டரில் கொண்டுவந்துவிட்ட சலூன்காரர், மருந்துக்கடை மாடிப்படியில் தினசரி படித்துக்கொண்டிருந்தார். "அண்ணன் இருக்காரே" என்றாள் டீச்சர்.

"அவர்கிட்ட கேக்க என்ன மிஸ் இருக்கு? அவர் வாயில போறதெல்லாம் நான் அளந்து போடுறதுதானே!"

வேறு வழியில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்த சலூன்காரர் திருதிருவென்று விழித்தார். "உண்மையைத்தான் சொல்லணும் அண்ணா. இல்லன்னா பரீட்சையே செல்லாது" என்றாள் டீச்சர்.

"நேத்து எழுந்ததுலேருந்து என்ன சாப்ட்டீங்க?" தையல்காரம்மாவின் குரல் ரேடியோச் செய்திபோல இருந்தது.

"வீட்ல டீ. சர்க்கரை இல்லாம. நீ... நீங்க கொடுத்த ரெண்டு ரொட்டி, முட்டை."

"அப்புறம்?"

சலூன்காரர் புருவத்தைப் பார்த்தார். அது இருந்த இடத்திலேயே இருந்தது. இருபத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு அதிசயத்தை அவர் கண்டதில்லை.

"கடை திறந்ததும் ஒரு டீ. மொத கஸ்டமர் ஒரு டீ வாங்கிக் கொடுத்தாரு. வேணாம்னா வருத்தப்படுவாரு."

"அப்புறம்?"

"அப்புறமும் டீதான்." மனிதர் வேட்டு வெடிப்பதுபோலப் படபடவென்று கொட்டிவிட்டார். ஆக மத்தியானத்துக்குள் நான்கு, சாயந்தரத்துக்குள் இன்னும் நான்கு. எல்லாம் இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு. நாலு மணிக்கு ஒரு க்ரீம் பன்.

பேனா ஓடிக்கொண்டே இருந்தது. எட்டு டீ. பதினாறு ஸ்பூன். தையல்காரம்மா கிராம் கிராமாய் அளந்து போட்ட சோறெல்லாம் எந்த மூலைக்கு? கோபம் பொங்கி வந்தது. அதோடு ஒரு நிம்மதியும் வந்தது, தப்பு தன் கையில் இல்லை என்று. புருவம் துடித்தது. ஏறவில்லை.

"வேற ஏதாவது?"

டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி தையல்காரம்மா பேனாவைத் தாளில் ஊன்றிக் காத்திருந்தார்.

"ராத்திரி வீட்ல ஒரு டீ" என்றார் சலூன்காரர், தரையைப் பார்த்துக்கொண்டு. "அவளும் சர்க்கரை போடாம என்கூட உக்காந்து குடிச்சா. எனக்காக விட்டுட்டா. பிடிக்காம, கஷாயம் மாதிரி குடிக்கிறா. எட்டு டீ உள்ள போயிருக்கும்போது அவ எதிர்ல உக்காந்து அந்த ராத்திரி டீயைக் குடிக்கிறேன் பாருங்க மிஸ், அதுதான் தொண்டைல இறங்கவே மாட்டேங்குது. சொல்லிடலாம்னு தினமும் நினைக்கிறேன். தைரியம் வரல."

தையல்காரம்மா அதையும் எழுதினார். எழுத்து கலங்கித் தெரிந்தது. அந்த மனுஷன்மேல் அவருக்கு அவ்வளவு கோபம், அவ்வளவு பிரியம்.

டீச்சர் எட்டிப் பார்த்தாள். "புருவத்துக்கு அஞ்சுக்கு அஞ்சு. கண்ணுக்கு மார்க் கிடையாது, தொடச்சுக்குங்க அக்கா" என்றாள்.

கீழே ஸ்கூட்டர் பக்கத்தில் சலூன்காரர் முன்ஜாக்கிரதையாக ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நின்றார்.

"அதைக் கழட்டுங்க. அடிக்க மாட்டேன்" என்றார் தையல்காரம்மா. "இனிமே தினமும் இதே மாதிரி கேப்பேன். நெசத்தை மட்டும் சொல்லுங்க. எட்டை ஏழாக்குவோம், ஏழை ஆறாக்குவோம். ஊசி பக்கம் போக விட மாட்டேன்."

"திட்ட மாட்டியே?"

"மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமாத்தான். சொல்லுங்க, வேற ஏதாவது?"

சலூன்காரர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அந்த பன்னு... ஒண்ணு இல்லம்மா. ரெண்டு."

புருவம் சர்ரென்று ஏறியது. பரீட்சைதான் முடிந்துவிட்டதே.