இரண்டாயிரம் வாட்

ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கும்போதே அவளுக்கு ஏதோ உறுத்தியது. அப்பாவைக் கூடத்தில் கிடத்த இடம் வேண்டும் என்று தம்பி அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். ராத்திரி முழுக்க ஓடிய இரண்டாயிரம் வாட் ஹீட்டர். பிளக் வெதுவெதுப்பாகவாவது இருக்க வேண்டும். இல்லை. ஹீட்டரை மூலையில் தள்ளிவிட்டு, வந்தவர்களுக்கு நாற்காலி போடப் போனாள்.

அவளுக்கு வேலையே இதுதான். ஹீட்டர் கம்பெனியில் பரிசோதனை மேஜை. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட், வகுத்தால் ஓம்; கணக்கு உதைத்தால் சிவப்பு ஸ்டிக்கர். "தகட்டுல போட்டிருக்கறத நம்பாதீங்க, மீட்டரை நம்புங்க" என்று அங்கே அவள் சொல்லாத நாள் கிடையாது.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சும்மா குறை சொல்கிறவர் இல்லை. போன மாதம்தான் நச்சரிக்க ஆரம்பித்தார்.

"இது முன்ன மாதிரி சூடு குடுக்கலம்மா."

ஷிப்ட் முடிந்து வந்த அலுப்பில் அவள் சாக்கெட்டில் மட்டும் மீட்டரை வைத்துப் பார்த்தாள். இருநூற்று முப்பது.

"வோல்டேஜ் சரியா இருக்குப்பா. ஹீட்டர் நல்லாத்தான் இருக்கு. உங்களுக்குத்தான் வயசாயிடுச்சு."

"அப்ப என்னைத்தான் ரிப்பேருக்குக் குடுக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அதோடு அவர் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்.

தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். குளிரைப் பற்றி அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பியபோது சாயங்காலம் ஆகிவிட்டது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அதைக் கொஞ்சம் போடும்மா. சில்லுனு இருக்கு."

போட்டாள். இந்தத் தடவை பையிலிருந்த பரிசோதனை வயரை சாக்கெட்டுக்கும் பிளக்குக்கும் நடுவில் செருகி, மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று ஆம்பியரையும் பார்த்தாள். நாலு புள்ளி மூணு. எட்டரைக்கு மேல் காட்ட வேண்டியது. வேறு சாக்கெட்டில் செருகி மறுபடி அளந்தாள். அதே நாலு புள்ளி மூணு. வகுத்தால், இருபத்தாறு ஓம் இருக்க வேண்டிய இடத்தில் ஐம்பத்து மூன்று. பெருக்கினால் ஆயிரம் வாட்கூட முழுசாக இல்லை. உள்ளே இருக்கும் இரண்டு சுருளில் ஒன்று அறுந்து எத்தனை நாளாயிற்றோ. சாக்கெட்டில் வோல்டேஜ் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் வந்துகொண்டிருந்தது.

"சரியா இருக்கா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. பாதிதான் வருது."

அம்மா ஹீட்டர் பக்கம் கையை நீட்டிப் பார்த்தாள்.

"அவரும் அதத்தான் சொல்லிட்டிருந்தாரு."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

கதவுக்குப் பின்னால் அப்பாவின் சட்டைகள் தொங்கின. காலையில் உடம்பிலிருந்து கழற்றியபடியே, மூன்றும் ஒன்றுக்குள் ஒன்றாக. எடுத்து வந்து, பிரிக்கப் போனாள்.

"பிரிக்காத. அப்படியே குடு."

அம்மா ஒரே தடவையில் மூன்று சட்டைக்குள்ளும் கையை நுழைத்துக்கொண்டாள். மகள் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்து, உள்சட்டையிலிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட ஆரம்பித்தாள்.