ஐ ஷட் தி வால்வ்

அந்த ஓட்டலில் பதினோரு வருடமாகக் குழாய் வேலை பார்த்துவந்தவரை எல்லாரும் பிளம்பர் என்றே கூப்பிட்டார்கள். அவர் மனைவியின் தங்கையைக் கட்டியவருக்கும் அங்கேதான் வேலை, இரண்டாவது மாடி அறைகளைச் சுத்தம் செய்வது. சிபாரிசு செய்து சேர்த்துவிட்டதே பிளம்பர்தான். அவர் சகலை, சகலை என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் சமையல்கட்டில் பாத்திரம் கழுவுகிறவர்கள்கூட அந்த மனிதரைச் சகலை என்றே அழைக்க ஆரம்பித்தார்கள். எத்தனை பேருக்குத் தான் சகலை என்று அவருக்கே தெரியாது.

வெளிநாட்டில் இருந்த முதலாளிக்கு ஒருநாள், ஊழியர்கள் எல்லாரும் ஆங்கிலம் படித்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றிவிட்டது. செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு, படுக்கை விரிப்புகள் அடுக்கும் அறையில் வகுப்பு. நடத்தியவர் ரிசப்ஷன் மேடம். அவருக்கு அதற்கென்று தனிச் சம்பளம் கிடையாது. அதனால் கோபமும் அதிகம் வரவில்லை, அக்கறையும் அதிகம் வரவில்லை.

மூன்று வாரமாக இறந்தகால வினைச்சொற்கள் ஓடின. சகலை முன்வரிசையில் விரிப்புக் கட்டின்மேல் உட்கார்ந்து, நோட்டில் கோடு கிழித்து, கோ, வென்ட், சீ, சா, டீச், டாட் என்று முத்து முத்தாக எழுதிக்கொண்டார். பிளம்பர் பின்னால் இஸ்திரி மேசையில் சாய்ந்தபடி கண்ணயர்ந்தார். ஒரே ஒரு நாள்தான் அவர் முழுசாக விழித்தார்.

"சில வெர்ப் மாறவே மாறாது," என்றார் மேடம் அன்றைக்கு. "கட், கட். புட், புட். ஷட், ஷட். நேத்து செஞ்சிருந்தாலும் அதான், தெனமும் செய்யறதா இருந்தாலும் அதான்."

பிளம்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பைப்பைக் கட் செய்வது, வாஷரைப் புட் செய்வது, வால்வை ஷட் செய்வது, சுத்தியலால் ஹிட் செய்வது. வெடித்தால்கூட பர்ஸ்ட், நேற்று வெடித்திருந்தாலும் பர்ஸ்ட்தானாம்.

"நம்ம தொழிலுக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி இருக்கே மேடம்."

"இருக்கட்டும். கூடவே நேத்துங்கிற வார்த்தையப் போடணும். இல்லேன்னா எப்பன்னு தெரியாது."

அதைச் சகலை எழுதிக்கொண்டார். பிளம்பர் எழுதிக்கொள்ளவில்லை.

அதற்கு அடுத்த வாரம் வியாழக்கிழமை, இரண்டாவது மாடிக் கோடிக் குளியலறையில் துருப்பிடித்த பைப்பை பிளம்பர் அறுத்து எடுத்தார். அளவுக்கு ஏற்ற புதுத் துண்டு கடையில் இல்லை, மறுநாள் காலையில்தான் வரும் என்றார்கள். அந்த நேரம் மேல்தொட்டி காலி, ஆறு மணிக்குத்தான் மோட்டார் போடுவார்கள். அதற்குள் அந்த மாடியின் வால்வை மூடிவிட வேண்டும், அவ்வளவுதான். வெட்டிய வாயில் துணியைச் சுருட்டி அடைத்துவிட்டு வால்வை நோக்கி நடந்தபோது, ஊழியர்களை ஏற்றிப் போகும் வண்டி கீழே ஹாரன் அடித்தது. அதை விட்டால் இரண்டு பஸ் மாற வேண்டும். பிளம்பர் ஓடினார்.

மறுநாள் காலை வந்து பார்த்தால், கீழே கூட்ட அரங்கின் கூரைப் பலகைகள் ஊறிப்போய் நாற்காலிகளின்மேல் விழுந்து கிடந்தன. தரைவிரிப்பில் கால் வைத்தால் தண்ணீர் பொங்கியது. பத்து மணிக்கு ஏதோ கம்பெனிக்காரர்கள் இருநூறு பேர் அங்கே கூட்டம் போடுவதாக இருந்தது. வெளியே பலகையில் அவர்களை வரவேற்று எழுதியிருந்தது மட்டும் நனையாமல் இருந்தது.

மேனேஜர் ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்தார்.

"நேத்து சாயங்காலம் என்ன செஞ்சீங்களோ அத எழுதுங்க. இங்கிலீஷ்ல. முதலாளிக்குப் போகுது."

பிளம்பர் ஸ்டோர் ரூமில் தனியாக உட்கார்ந்தார். பொய் எழுத அவருக்குப் பிடிக்கவில்லை. உண்மை எழுதவும் தைரியம் வரவில்லை. பேனாவை நெற்றியில் தட்டிக்கொண்டிருந்தபோதுதான் மேடம் சொன்னது நினைவுக்கு வந்தது. ஐ ஷட் தி வால்வ் என்று எழுதினார். எழுதிவிட்டு ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். நான் வால்வை மூடுவேன். அது சத்தியம். பதினோரு வருடமாகத் தினமும் மூடியிருக்கிறார். அதை யாராவது நேற்று என்று படித்துக்கொண்டால் அவர் என்ன செய்ய முடியும்? கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

சகலையின் தாள் இரண்டு பக்கம். ஐந்து மணிக்கு இரண்டாவது மாடிக்கு வென்ட். குளியலறையை க்ளீன்ட். ஜன்னலை ஓப்பன்ட். கதவை க்ளோஸ்ட். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் நேற்று என்று போட்டிருந்தார். ஒரு பிழை இல்லை.

மேனேஜர் எல்லாத் தாள்களையும் மேசையில் பரப்பிவைத்துப் பார்த்தார். வால்வை மூடியாகிவிட்டது, அது எழுத்தில் இருக்கிறது. அப்படியென்றால் யாரோ திறந்திருக்க வேண்டும். அத்தனை தாள்களிலும் எதையாவது திறந்ததாக எழுதியிருந்த ஒரே ஆள் சகலை. 'ஓப்பன்ட்' என்ற சொல்லின் கீழே சிவப்பில் கோடு விழுந்தது.

"ஜன்னலத்தான் சார் தெறந்தேன்," என்றார் சகலை.

"அஞ்சு மணிக்கு அந்தப் பக்கம் போனது நீங்க மட்டும்தானே?"

"போனேன் சார். எழுதியிருக்கேனே."

"அதான் சொல்றேன்."

விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சகலை சீருடையை மடித்து வைத்துவிட்டு, ஸ்டோர் ரூம் வாசலில் ஒரு நிமிடம் நின்றார். பிளம்பர் ஒரு நட்டுக்கு ஏற்ற போல்ட்டைத் தேடுவதில் மும்முரமாக இருந்தார்.

"வரேன் சகலை," என்றார் சகலை.

"நான் பேசிப் பாக்குறேன்," என்றார் பிளம்பர், நட்டைப் பார்த்தபடி.

செய்தி அவருக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. தங்கை போனில் அழுதிருந்தாள். பிளம்பர் உள்ளே நுழைந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, மனைவி கேட்டாள்.

"அந்த வால்வ மூடினீங்களா?"

"வால்வெல்லாம் நான் எப்பவும் மூடுவேன்."

"மூடுவீங்களான்னு கேக்கல. மூடினீங்களான்னு கேட்டேன்."

பிளம்பர் செருப்பைக் கழற்றினார். தண்ணீர் கேட்டார். அவள் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சொம்பைத் திருப்பி வாங்காமல் எதிரிலேயே நின்றாள். ஓட்டலில் எழுதிய அந்த ஒரு வரியைத் தமிழில் சொல்லிப் பார்க்க அவர் மனதுக்குள் முயன்றார். மூடு என்று ஆரம்பிக்கலாம். அதற்கு மேல் இரண்டே வழிதான் இருந்தது, இரண்டிலும் ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலைக்க வேண்டியிருந்தது.

"மூடல," என்றார்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ சொம்பை வாங்கிக்கொண்டு, "நாளைக்குப் போயிச் சொல்லிடுங்க," என்று மட்டும் சொன்னாள். இரவு சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. அதுதான் அவருக்கு இறங்கவில்லை.

காலையில் ரிசப்ஷன் மேசைக்குப் போய்க் கையில் இருந்த தாளை நீட்டினார். ஐ நாட் ஷட் என்று எழுதியிருந்தார். மேடம் நடுவில் 'டிட்' என்று சேர்த்துவிட்டுப் பேனாவை எடுக்காமல் யோசித்தார்.

"டிட் வந்துட்டா அன்னைக்குங்கிறது உறுதியாயிடும்ணே. தெரிஞ்சுதான் குடுக்கறீங்களா?"

"தெரிஞ்சுதான் மேடம்."

மேனேஜர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். பிறகு கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.

"முதலாளி பதில் போட்டிருக்கார். எல்லாத்துலயும் தெளிவா இருக்கறது உங்க ஒரு வரிதானாம். இனிமே எல்லாரும் இப்படி எழுதக் கத்துக்கணுமாம். பாராட்டுச் சான்றிதழ் குடுக்கச் சொல்லியிருக்கார். இப்பப் போயி அந்த ஒரு வரி பொய்னு நான் சொல்லணுமா?"

"பொய் இல்ல சார். தெனமும் மூடுவேன். அன்னைக்கு மட்டும்தான் மூடல."

மேனேஜர் அவரை வெகுநேரம் பார்த்தார். வழக்கறிஞராகப் போயிருக்க வேண்டியவர் என்று நினைத்தாரோ என்னவோ.

"சகலைய உள்ள எடுத்துக்கங்க சார். என்னை என்ன வேணா செய்ங்க."

"உங்களை ஒண்ணும் செய்ய முடியாது. சான்றிதழ் வருது."

அன்று மதியமே மேனேஜர் புது அறிக்கை ஒன்று தயாரித்தார். அதன் சாரம் ஒரே வரி: தி பைப் பர்ஸ்ட். "இதுல யாரும் எதையும் செய்யல பாருங்க," என்றார் ரிசப்ஷன் மேடத்திடம், தன் வேலையைத் தானே ரசித்தபடி. "பைப்பே எல்லாத்தையும் பாத்துக்கிச்சு." பிளம்பரின் இரண்டாவது தாள் மேனேஜருடைய மேசை இழுப்பறைக்குள் போனது. அடுத்த திங்கள் சகலை வேலைக்குத் திரும்பினார். செவ்வாய் வகுப்பில் பிளம்பருக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். மற்றவர்கள் கை தட்டி ஓய்ந்த பிறகும் சகலை தட்டிக்கொண்டே இருந்தார்.

நடந்தது அவருக்குத் தெரியும். அக்கா தங்கைக்குச் சொல்லியிருந்தாள், தங்கை அவருக்குச் சொல்லியிருந்தாள். அவர் சண்டை போடவில்லை. ஆனால் அன்றிலிருந்து பிளம்பரிடம் தமிழில் பேசுவதை நிறுத்திவிட்டார். மாடிப்படியில் பார்த்தால் "குட் மார்னிங் சார்." குழாய் ஒழுகினால் "ரூம் டூ நாட் செவன் சார், டேப் லீக்கிங்." போகும்போது "தேங்க் யூ சார்." பிளம்பர் மூன்று முறை மன்னிப்புக் கேட்கப் போனார். மூன்று முறையும் "நோ ப்ராப்ளம் சார்" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு எப்படிப் பேச்சைத் தொடர்வது என்று மேடம் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

ஏழு வாரம் இப்படியே போனது. ஒரு வெள்ளிக்கிழமை, பக்கெட்டும் துடைப்பமுமாக எதிரே வந்த சகலை, நிற்காமலேயே தமிழில் சொன்னார்.

"ஞாயித்துக்கெழம உங்க மச்சினி கூப்பிட்டா வீட்டுக்கு வாங்க."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். பிளம்பருக்குத் தமிழைக் கேட்ட சந்தோஷத்தில் முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. வீட்டில் மனைவியிடம் அப்படியே சொன்னார்.

"கூப்பிட்டாள்னு சொன்னாரா, கூப்பிட்டால்னு சொன்னாரா?" என்று கேட்டாள் அவள்.

"வேகமா சொன்னாரு."

"நல்லாக் கேட்டிருக்கக் கூடாதா? அவ எனக்கு ஒண்ணும் போன் பண்ணலயே."

"நீயே பண்ணிக் கேளேன்."

"கூப்பிடாத வீட்டுக்கு நானே கேட்டுப் போகவா? நல்லா இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் குளித்து, நல்ல துணி உடுத்தி, பழம் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார்கள். பத்தரை ஆனது. பதினொன்றரை ஆனது. பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்துச் சாப்பிடலாமா என்று பிளம்பர் கேட்டார். கூடாது என்றாள் மனைவி. ஒரு மணிக்குப் போன் அடித்தது. தங்கைதான்.

"எங்கக்கா இருக்கீங்க? சாப்பாடு ஆறிட்டே இருக்கு. அவரு காலையிலேருந்து வாசலுக்கும் உள்ளுக்கும் நடையா நடந்துட்டு இருக்காரு."

மனைவி போனைக் கையால் மூடிக்கொண்டு, "கூப்பிட்டாளாம்," என்றாள். பிளம்பர் அதற்குள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.