எண்பத்திரண்டு கிலோ

செங்கல்பட்டில் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் என் மனைவி ரெபேக்காள் அதுவரை நான்கு முறை ஸ்கூட்டரில் எட்டு போட்டிருந்தாள். நான்குமே மூன்றாகத்தான் முடிந்தன. பாதியில் காலை ஊன்றிவிடுவாள். ஊன்றினால் லைசென்ஸ் கிடையாது.

திங்கட்கிழமை லைசென்ஸைக் காட்டினால் கோவளத்தில் வீடுவீடாகப் போய் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்துவரும் வேலை அவளுக்கு. இல்லாவிட்டால் வேறு ஆள். ஐம்பத்தொரு வயதில் முதல் உத்தியோகம். அன்று வெள்ளிக்கிழமை.

கோளாறு எங்கே என்று நான்தான் கண்டுபிடித்தேன். அவள் வண்டி பழகின ஆறு மாதமும் பின்சீட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். என் எடை எண்பத்திரண்டு கிலோ. நான் இறங்கினால் அது அவளுக்கு வேறு வண்டி ஆகிவிடுகிறது. தேர்விலோ பின்னால் ஆள் உட்காரக் கூடாது.

ஆள்தானே கூடாது? எதிரே இருந்த மளிகைக் கடைக்குப் போனேன். அரிசி கட்டுப்படியாகாது. கல்லுப்பு கேட்டேன், எண்பத்திரண்டு கிலோ.

"இன்னா பெருசு, கருவாடு போடப் போறியா?" என்றார் கடைக்காரர்.

"எட்டு போடப் போறோம்."

மூட்டையைப் பின்சீட்டில் கட்டும்போது ரெபேக்காள் முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

"யோவ், மய வந்தா உப்பு நிக்குமா?"

"வராது மே. நான் சொல்றேன்ல."

போன புயலுக்கு முந்தின நாளும் இதையேதான் சொல்லியிருந்தேன். அவள் ஞாபகம் வைத்திருந்தாள் என்பது பார்வையிலேயே தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் மூட்டையை ஒரு சுற்று சுற்றி வந்தார். "இது என்னம்மா?"

"வூட்டுக்காரர் சார்."

என்னைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். "சரி, போடுங்க. கால் தரையில பட்டா அடுத்த மாசம்தான்."

அவள் முதல் வளைவில் திரும்பவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. சாக்கின் அடியிலிருந்து வெள்ளையாக ஒழுகியது. நான் கரைய ஆரம்பித்தேன். எட்டின் இடுப்புக்கு வந்தபோது அறுபது கிலோ. கல்யாணத்தன்று இருந்த எடை. இரண்டாவது வளைவின் தொடக்கத்தில் முப்பது. ஹேண்டில் ஆடியது. அவளுடைய வலது கால் வெளியே வந்து அந்தரத்தில் தொங்கியது. என் கால்விரல்கள் செருப்புக்குள் மடங்கிக்கொண்டன. கர்த்தரே, பத்து கிலோவாவது மிச்சம் வையும்.

வைக்கவில்லை. வளைவின் உச்சியில் சாக்கு வெறும் துணியாகச் சீட்டில் ஒட்டிக்கொண்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, தொங்கின காலை மெல்ல உள்ளே இழுத்து வைத்தாள். ஒரு பக்கம் சாய்ந்தது வண்டி. நிமிர்ந்தது. மறுபக்கம் சாய்ந்தது. ஆமைபோல ஊர்ந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றாள்.

"பாஸ்" என்றார் இன்ஸ்பெக்டர், குடைக்குள்ளிருந்து.

தரையில் ஒரு வெள்ளை எட்டு கிடந்தது. மூன்று நாள் ஊர் ஆடுகளெல்லாம் கோடு தாண்டாமல் அதை நக்கிக்கொண்டே சுற்றின. நான்கு காலையும் ஊன்றியதால் எதற்கும் லைசென்ஸ் கொடுக்கவில்லை.

மழை விட்டதும் நான் பின்சீட்டில் ஏறப் போனேன்.

"இன்னா பண்ற?" என்றாள் ரெபேக்காள். "இப்பதான் வண்டி லேசா கீது. நீ திருப்போரூர் பஸ் புடிச்சு வா."

சாக்கை உதறி, நாலாக மடித்து, என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.