ஜெட் கால்டரின் எண்பது சதவீதம்

டெல்ரிட்ஜ் ஊருக்குள் நுழையும் நெடுஞ்சாலையில், கோதுமைக் கிடங்கை ஒட்டி, ஒரு விளம்பரப் பலகையில் ஜெட் கால்டரின் முகம் இருபதடி அகலத்துக்கு நின்றது. பல்வரிசை மட்டுமே நாலடி இருக்கும். கையில் பந்து, காலடியில் ஒரு டிரக் விளம்பரம். லைல் ஹாஸ்கெட் தினமும் அந்தப் பலகையைத் தாண்டித்தான் பயிற்சிக்குப் போகவேண்டும். "மூஞ்சியப் பாரு" என்று சொல்லாமல் ஒரு நாளும் தாண்டியதில்லை.

லைல் முந்நூற்றுப் பத்து பவுண்டு. டெல்ரிட்ஜ் பல்கலைக்கழகத்தின், கையால் எறிந்து ஆடும் அமெரிக்கக் கால்பந்து அணியின் முன்வரிசையில் இடது ஓரத்தில் நிற்பவன். பந்தை வாங்கிப் பின்வாங்கி எறிகிறவன் குவார்ட்டர்பேக், இந்த அணியில் ஜெட். அவனுக்கு முதுகுப் பக்கம் கண் கிடையாது. அந்தப் பக்கமாகப் பாய்ந்து வருகிற எதிரணி முரடனை மறித்து நிற்பதுதான் லைலின் வேலை. அந்த சீசனில் பத்து ஆட்டம் முடிந்திருந்தது, பத்திலும் வெற்றி. பந்து கையில் இருக்கும்போது ஜெட்டை எத்தனை முறை லைல் மறிக்கவேண்டிய ஆள் சாய்த்தான் என்று கேட்டால், புள்ளிவிவரத் தாளில் பூஜ்யம் என்று இருக்கும். அந்தப் பூஜ்யத்தை நம்பித்தான் லைல் இருந்தான். தொழில்முறை அணிக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் அவனை எடுக்கவேண்டும். எடுக்காவிட்டால் அப்பாவின் பன்றிப் பண்ணை. அண்ணன் ஏற்கெனவே அங்கேதான் கிடக்கிறான், சனிக்கிழமை சட்டையிலும் அந்த வாடை போகாமல்.

இந்த வருஷம்தான் ஜெட் வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்து இறங்கினான். போன வருஷம் நாலே வெற்றி, இந்த வருஷம் பத்துக்குப் பத்து. ஊருக்குக் கேட்கவா வேண்டும், கிறுக்குப் பிடித்துவிட்டது. முடிவெட்டுகிறவர் வெற்றியில் எழுபது சதவீதம் ஜெட்டுடையது என்றார். தேவாலயத்துப் போதகர் எழுபத்தைந்து என்று பிரசங்கத்துக்கு நடுவிலேயே சொன்னார். மறிக்கிறவன், ஓடுகிறவன், பிடிக்கிறவன் எல்லாம் வானத்திலிருந்து இலவசமாக விழுந்த மாதிரிதான் பேச்சு.

வானொலிக்காரன் ஒருவன் ஜெட்டிடமே கேட்டுவிட்டான். ஜெட் கொஞ்சம் யோசிப்பதுபோல் பாவனை செய்து, "எல்லாம் நான்தான்னு சொல்ல முடியாதுங்க. எண்பதுன்னு வச்சுக்கலாம்" என்றான். அடக்கமான பையன் என்று ஊரே மெச்சியது.

முன்வரிசைக்காரர்கள் ஐந்து பேரும் அதை எடைப்பயிற்சிக் கூடத்தில் நின்றபடி கேட்டார்கள். பந்தை எடுத்துக் கொடுக்கும் நடு ஆள் செஃபோ. சமோவாத் தீவுக்காரன், எதற்கும் சிரிப்பவன். "டேய், மிச்சம் இருபது. டீம்ல நூறு பேரு. ஆளுக்குக் கால் சதவீதம்கூடத் தேறாதுடா. எனக்கு வேணாம், என் பங்கையும் அவனுக்கே குடுத்துருங்க, பாவம், பத்தாம இருக்கப்போகுது" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். லைல் சிரிக்கவில்லை.

அவனுக்கு எரிச்சல் மூட்டியது எண்பது மட்டுமில்லை. எந்த அணியிலும் ஒரு வழக்கம் உண்டு. வியாழக்கிழமை சாயங்காலம் குவார்ட்டர்பேக் முன்வரிசைக்காரர்களை அழைத்துப்போய் வயிறு முட்டச் சோறு போடவேண்டும். உடம்பைக் கேடயமாக்கி நிற்கிறவர்களுக்கு அவன் காட்டுகிற மரியாதை அது. ஜெட்டும் அழைத்துப்போனான். ஆனால் தன்னை வைத்து விளம்பரம் செய்யும் கறி உணவகத்துக்கே ஒவ்வொரு வாரமும் அழைத்துப்போனான். கூடவே ஒரு கேமராக்காரன். ஐந்து பேரும் விலாக்கறியைக் கடித்து வாயெல்லாம் குழம்பாக உட்கார்ந்திருக்க, ஜெட் நடுவில் நின்று பல்லைக் காட்டுவான். தான் தின்பது மட்டும் வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டுவந்த அவித்த கோழி. படம் எடுத்து முடிந்ததும் மணியைப் பார்ப்பான்.

"நம்மளயெல்லாம் மாட்டுச் சந்தை மாதிரி காட்டிட்டுப் போறான்" என்றான் லைல் திரும்பும் வழியில்.

"சாப்பாடு நல்லாத்தானே இருந்துச்சு" என்றான் செஃபோ.

"உனக்கு மானம் ரோஷம் எதுவும் இல்லையாடா?"

"இருக்கு. ஆனா பசியும் இருக்கே."

பதினோராவது ஆட்டம் ஒரு சோப்ளாங்கி அணியோடு. மூன்றாவது கால்பகுதியிலேயே முப்பத்தொன்றுக்கு ஏழு. இனி ஜெயிப்பதற்கு ஒன்றும் பாக்கியில்லை. லைல் அன்று காலையிலேயே முடிவு செய்துவிட்டிருந்தான். ஒரே ஒரு தடவை. ஒரே ஒரு ஆளை உள்ளே விடுவது. முன்வரிசைக்காரனுக்கு வாய் வேண்டியதில்லை. தலைக்கனம் ஏறிய குவார்ட்டர்பேக்குக்குப் பாடம் சொல்ல அவனுக்கு இந்த வழி உண்டு. எல்லா ஊரிலும் நடப்பதுதான், யாரும் வெளியே சொல்வதில்லை. அதிலும் லைல் உஷாராக இருந்தான். பந்து ஜெட்டின் கையை விட்டுக் கிளம்பிய பிறகு அடி விழவேண்டும். அப்போதுதான் பூஜ்யம் பூஜ்யமாகவே இருக்கும். தன்மானமும் போகக்கூடாது, தாளும் கெடக்கூடாது. அப்படி ஒரு கெட்டிக்காரன்!

செஃபோ பந்தைக் கொடுத்தான். லைல் இரண்டடி பின்வாங்கினான், கையை வைத்தான், பிறகு உள்பக்கம் தோளைத் தளர்த்தினான். எதிராளி வழுக்கிக்கொண்டு போனான். பந்து கிளம்பியது. தொம்மென்று ஒரு சத்தம்.

ஜெட் வலது தோளின்மேல் விழுந்து கிடந்தான். முதலில் லைலுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. மனுஷன்தானே, பொய் சொல்வானேன். ஜெட் எழுந்திருக்கவில்லை என்று தெரிந்ததும்தான் கலங்கிப்போய்ப் பக்கத்தில் ஓடினான். காறை எலும்பு முறிந்திருந்தது. அறுபதாயிரம் பேர் இருந்த மைதானத்தில் இருமல் சத்தம் கேட்டது.

அன்று முதல் ஒரு வாரம் டெல்ரிட்ஜில் இழவு வீடுதான். வானொலியில் ஒருத்தி அழுதாள். அடுத்த சனிக்கிழமை பரம எதிரியான கிரேவர் பல்கலைக்கழகத்தோடு கடைசி ஆட்டம். ஜெட் இல்லாமல் எப்படி என்று ஊரே ஒப்பாரி வைத்தது. லைலின் கலக்கம் இரண்டு நாளில் வடிந்துவிட்டது. ஒப்பாரியைக் கேட்கக் கேட்க, பழைய இளக்காரம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. காட்டுகிறேன் இவர்களுக்கு என்று நினைத்தான். எறிகிறவன் எவனாக இருந்தால் என்ன, மறிக்கிறவன் நான்தானே. தொழில்முறை அணிகளிலிருந்து ஆள் பார்க்க வருகிறார்கள் என்று வேறு சொன்னார்கள். நல்லதாகப் போயிற்று. பலகையில் இருக்கும் மூஞ்சி இல்லாமல் ஜெயிப்பதை அவர்களும் பார்க்கட்டும்.

மாற்று குவார்ட்டர்பேக் ஆஸ்கர் பெல்ட்ரான் நல்ல பையன். ஐந்து பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். வியாழக்கிழமை தன் அம்மாவைக்கொண்டு சமைக்கவைத்து, அவனும் கூடவே உட்கார்ந்து தின்றான்.

"இவன்தான்டா குவார்ட்டர்பேக்கு" என்றான் லைல், நாலாவது தட்டில்.

சனிக்கிழமை முதல் கால்பகுதியிலேயே லைலின் ஆள் அவனுக்கு உள்பக்கமாக நழுவிப்போய் ஆஸ்கரைப் பந்தோடு சாய்த்தான். ஏதோ தற்செயலாக நடந்தது என்று லைல் நினைத்தான். இரண்டாவது கால்பகுதியில் மறுபடியும் அதே ஆள், அதே வழி. "ஆஸ்கர், சீக்கிரம் எறிடா!" என்று கத்தினான். மூன்றாவது முறை ஆஸ்கர் எழுந்திருக்கவே நேரமாகியது. நாலாவது முறை பந்து கையிலிருந்து பிதுங்கி, கிரேவர்காரன் ஒருவன் அதைப் பொறுக்கிக்கொண்டு எல்லைக்கோடுவரை நடந்தே போய்ப் புள்ளி எடுத்தான். ஓடக்கூட இல்லை, கடங்காரப் பயல். பார்வையாளர் வரிசையில் சாம்பல் நிறத் தொப்பியோடு உட்கார்ந்திருந்த தொழில்முறை அணிக்காரர் நாலாவது கால்பகுதி தொடங்குவதற்குள் எழுந்து கார் நிறுத்தும் இடத்துக்குப் போய்விட்டார். முப்பத்தெட்டுக்கு ஆறு, படுதோல்வி.

மறுநாள் ஞாயிறு மதியம், வழக்கம்போல் ஆட்டத்தின் படத்தைப் போட்டுப் பார்க்கும் அறையில் கூடினார்கள். முன்வரிசைப் பயிற்சியாளர் ரட்டக் திரைக்குப் பக்கத்தில் நின்றார். ஒவ்வொரு தடவைக்கும் ஒவ்வொருவனுக்கும் மதிப்பெண் போடுவது அவர் வேலை. முகத்தில் எதுவும் காட்டமாட்டார். முன் நாற்காலியில் ஆஸ்கர், முதுகு வலியோடு. அவன் பக்கத்தில், கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டபடி, ஜெட் கால்டர். ஆஸ்கருக்கு உதவி செய்ய வந்திருக்கிறானாம்.

நாலு சாய்ப்பும் வரிசையாக ஓடின. லைல் பொறுத்துப் பார்த்தான். பிறகு, "கோச், அவன் பந்தக் கட்டிப் புடிச்சுக்கிட்டே நிக்கிறான். எவ்வளவு நேரந்தான் மறிக்கிறது?" என்றான்.

"எவ்வளவு நேரம் மறிச்ச?" என்றார் ரட்டக்.

"நாலு செகண்டு இருக்கும்."

ரட்டக் படத்தைப் பின்னால் ஓட்டி, திரையின் மூலையில் கடிகாரத்தை ஓடவிட்டார். இரண்டரை நொடி. அடுத்தது இரண்டு புள்ளி நாலு. அடுத்தது மறுபடியும் இரண்டரை.

ஜெட் வாய்விட்டுச் சிரித்தான். "கோச், அந்த முதல் ஆட்டத்தப் போடுங்க. ஆஸ்கருக்கு ஒண்ணு காட்டணும்."

முதல் ஆட்டம் ஓடியது. பிறகு மூன்றாவது, ஆறாவது. திரையில் லைல் ஒவ்வொரு முறையும் கையை வைத்தான், உள்பக்கமாக ஆளை விட்டான், ஆளின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒவ்வொரு முறையும் பந்து அதற்கு முன்பே ஜெட்டின் கையை விட்டுப் பறந்திருந்தது. பறந்த பிறகுதான் கூட்டம் கத்தும். கூட்டம் கத்துவதைக் கேட்டுத்தான் லைல் தன் வேலை முடிந்தது என்று அத்தனை நாளும் திரும்பி நடந்திருந்தான்.

ஜெட் பேசினான். ஆஸ்கரிடம்தான் பேசினான். லைல் அந்த அறையிலேயே இல்லாத மாதிரி, ஒழுகுகிற கூரையைப் பற்றிச் சொல்வதுபோல் பேசினான். "இங்க பாரு தம்பி. பந்து கைக்கு வந்ததும் மனசுக்குள்ள எண்ணு. ஒண்ணு, வலது பக்கம் பாரு. ரெண்டு, எறி. ஆளு கிடைக்கலையா, வெளிய தூக்கிப் போடு. மூணு எண்ணிக்கிட்டு நிக்காத. மூணுக்கு இடது பக்கம் யாரும் இருக்கமாட்டாங்க. ஆகஸ்டுல முதல் வாரப் பயிற்சியிலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"எங்கிட்ட யாரும் சொல்லலையே" என்றான் ஆஸ்கர் பரிதாபமாக.

"வாராவாரம் சொன்னேன்" என்றார் ரட்டக். "லைல்கிட்ட. பூஜ்யம் பூஜ்யம்னு தாளக் காட்டிட்டுப் போனான்."

லைலுக்குக் காது சுட்டது. செஃபோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன்கூடச் சிரிக்காதது இன்னும் மோசமாக இருந்தது.

"அடிபட்டது எப்படி?" என்று கேட்டான் ஆஸ்கர்.

ரட்டக் அதையும் போட்டார். முப்பத்தொன்றுக்கு ஏழு, மூன்றாவது கால்பகுதி. ஜெட் கைக்கட்டைத் தடவிக்கொண்டு பார்த்தான். "இது என் தப்புதான். அரை நொடி அசந்துட்டேன். அவன் அவனோட வழக்கப்படிதான் நின்னான், நான்தான் மறந்துட்டேன்" என்றான்.

லைல் எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"அது வழக்கம் இல்ல. நான் வேணும்னே விட்டேன்."

சொன்ன பிறகு அவனுக்கு நெஞ்சு லேசானது. அணியிலிருந்து தூக்கட்டும், பல்கலைக்கழகத்தை விட்டே துரத்தட்டும், ஊரே காறித் துப்பட்டும். துரோகி என்றாவது சொல்வார்கள் அல்லவா.

"எத?" என்றார் ரட்டக்.

"இதத்தான். வேணும்னே தோளத் தளர்த்தினேன். இவனுக்கு ஒரு அடி விழணும்னு உள்ள விட்டேன்."

ரட்டக் கோபப்படவில்லை. திரையை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் மூன்றாவது ஆட்டத்தையும் மறுபக்கம் இதையும் போட்டு, சேர்த்தே ஓடவிட்டார். இரண்டு லைல்களும் இரண்டடி பின்வாங்கினார்கள். இரண்டு லைல்களும் கையை வைத்தார்கள். இரண்டு உள்தோள்களும் தளர்ந்தன. இரண்டு முதுகுகள் உள்ளே போயின. கடிகாரம் இரண்டிலும் இரண்டரை என்றது.

"இதுல எது வேணும்னே விட்டது?" என்றார்.

ஜெட் சிரிக்கப் போய், எலும்பு வலித்து, "ஐயோ, சிரிக்க வைக்காதீங்கடா" என்று நெளிந்தான். பிறகு முதல்முறையாக லைலைத் திரும்பிப் பார்த்தான். "பரவால்லப்பா, உக்காரு. நாலு தடவ தோத்த மறுநாளு மனுஷன் என்னவெல்லாமோ சொல்லுவான். நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல" என்றான்.

"சத்தியமா வேணும்னேதான்!"

"சரி சரி, வேணும்னேதான்" என்றான் ஜெட், அழுகிற பிள்ளைக்கு மிட்டாய் கொடுப்பதுபோல்.

செஃபோ நாற்காலியைத் தூக்கி நிறுத்தி, அவன் கையைப் பிடித்து இழுத்தான். "விடுடா, உக்காரு. கேவலமா இருக்கு."

"இன்னொரு தடவ போடுங்க கோச்" என்றான் லைல்.

ரட்டக் போட்டார். லைல் திரைக்கு மூன்றடி தூரத்தில் போய் நின்று, பதினோராவது ஆட்டம் ஓடிய பாதியில் தன் தோளையே உற்றுப் பார்த்தான். அந்தக் கணத்தில் நெஞ்சுக்குள் இருந்த ஆங்காரம் அந்தத் தோளில் எங்காவது தெரியுமா என்று தேடினான். ஆள் உள்ளே போனான். ஜெட் விழுந்தான். இன்னொரு தடவை என்றான், அதுவும் ஓடியது. நாலாவது தடவை ஓடும்போது, தான் அந்த ஆளுக்கு வழி விட்டானா, அவனாகவே போய்விட்டானா என்று லைலுக்கே தெரியவில்லை.